அரைப்படிக் கொள்ளு

மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் என் கைக்குப் பழக்கம். ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளில் பாதிப் பெண்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவள் நான். வீட்டில் என்ன இழவு விழுந்திருந்தாலும் அந்த வரியைத்தான் முதலில் எழுதச் சொல்வார்கள். என் வீட்டில் எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான். சுகமாகத்தான் இருக்கிறேன். முழங்கால் வலி வந்து வந்து போகிறது. நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது, இன்னொரு புட்டி அனுப்ப வேண்டாம். அந்த வாடைக்குப் பயந்து பக்கத்து வீட்டுப் பூனைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இருந்த ஒரு துணையும் போயிற்று.

உன் கடிதம் போன வாரம் வந்தது. கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் வாசகத்தை எழுதி எனக்கு அனுப்பியிருந்தாய். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் செய்ய வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதுவரைக்கும் சந்தோஷம். சம்பந்தியார் மாசாய்ப் பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி என்பதை இரண்டு இடத்தில் போட்டிருக்கிறாய், ஒரு இடம் போதும். நம் பக்கத்தில் உன் அப்பா பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுதியிருந்தாய். கீழே எனக்கென்று தனியாக ஒரு குறிப்பு. ஓடிப்போனவரின் மகன் என்று சொல்லிக்கொண்டு கிராணி வீட்டில் பெண் கேட்க முடியாது, அவர் இறந்துவிட்டதாக முன்னமே சொல்லிவிட்டேன், கல்யாணத்தன்று ஒரு நாள் மட்டும் நீங்கள் பொட்டு வைக்காமல், தாலி வெளியே தெரியாமல் வந்து நின்றால் போதும் என்று.

நான்கு நாள் அந்தக் காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். உன் மேல் கோபம் வரவில்லை. சரி என்று ஒரே வரியில் பதில் எழுதிப் போட்டுவிடத்தான் உட்கார்ந்தேன். ஒரு நாள் பொட்டு இல்லாவிட்டால் நெற்றி ஒன்றும் தேய்ந்துவிடாது. இத்தனை வருஷம் நான் சொல்லாமல் வைத்திருந்ததற்கு அது சின்னத் தண்டனைதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது, இதிலும் தண்டனை எனக்கில்லை, மறுபடியும் அவருக்குத்தான் என்று. ஐயா, உன் அப்பா சாகவில்லை. ஓடியும் போகவில்லை. நான் செய்த தப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைப் படித்து முடிக்கும்வரை அச்சாபீஸ் பக்கம் போகாதே.

செவலையை உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் உனக்குத் தெரிந்தது, உன் கையிலிருந்து வெல்லத்தைப் பதமாக நக்கி எடுத்த சாதுவான குதிரை. அது தோட்டத்துக்கு வந்த புதிதில் நீ பிறக்கவே இல்லை. கப்பலில் சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து தோணியில் ஆற்றோடு கொண்டுவந்து இறக்கிய பெட்டைக் குதிரை. அப்போது துரைக்கு மோட்டார் கிடையாது. மேட்டுத் துண்டிலிருந்து ஆற்றங்கரைவரை குதிரை மேல்தான் சுற்றிப் பார்ப்பார். செவலை அவரை முதல் மாதத்திலேயே இரண்டு தடவை வடிகால் கானுக்குள் தள்ளியது. லாயத்துப் பலகையை உதைத்தே உடைத்தது. முன்பிருந்த குதிரைக்காரனின் தோளில் கடித்து, சதையைப் பிய்க்காத குறை. அவன் போன பிறகுதான் உன் அப்பாவைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தார்கள். அங்கே ஒரு வண்டிக் கொட்டகையில் பத்து வருஷம் குதிரை பார்த்தவர் அவர். குதிரைக்காரனின் பெண்சாதி புல் அறுக்க வேண்டும் என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். அப்படித்தான் நான் புல்லுக்காரி ஆனேன். கல்யாணமாகி மூன்று மாதம், கையில் அரிவாள். நல்ல சீர்வரிசை.

துரை சாட்டையைக் காட்டி, நன்றாக வெளுத்தால் அடங்கும் என்றாராம். உன் அப்பா சாட்டையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, தீனித் தொட்டியைத்தான் போய்ப் பார்த்தார். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் ஒரு படி, மாலையில் ஒரு படி கொள்ளு, அதன் மேல் தவிடு. புல் என்னவோ ஒப்புக்கு ஒரு பிடி. துரை இரண்டு நாள் சிங்கப்பூர் போனால் குதிரை இரண்டு நாளும் நின்ற இடத்திலேயே நின்று தின்னும். என்னிடம் சொன்னார்: “இது திமிரு இல்ல. தீனி. ஒக்கார வெச்சு விருந்து போட்டா மனுசனே ஆடுவான்.”

கொள்ளைப் பாதியாகக் குறைத்தார். புல்லை இரட்டிப்பாக்கினார், அதாவது என் வேலையை. உப்புக்கட்டி ஒன்றைத் தொட்டியில் போட்டு வைத்தார், அது வேண்டும்போது நக்கிக்கொள்ளட்டும் என்று. தண்ணீர் காட்டிய பிறகுதான் தீனி. சேணம் போடுவதற்கு முன் கால் மணி நேரம் கயிற்றைப் பிடித்து நடத்துவார், துரை இறங்கிய பிறகு வேர்வை காயும்வரை மறுபடி நடத்துவார். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. பின்னந்தொடைச் சதையைத் தினமும் உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். என் கையையும் பிடித்து வைத்து அழுத்தச் சொன்னார். பிசைந்த மாவு மாதிரி உள்ளே போய் வந்தால் சரி, கட்டையாக எதிர்த்தால் அன்றைக்கு வேலை கூடாது. அவர் என் கையைப் பிடித்ததே அப்படிக் குதிரைச் சதையைக் காட்டத்தான் என்று நான் அப்போது நினைத்துச் சிரித்துக்கொள்வேன். இரண்டு மாதத்தில் செவலை தலையை ஆட்டுவதை விட்டது, பலகையை உதைப்பதை விட்டது, பின்பக்கம் உருண்டு திரண்டு பளபளவென்று வந்தது. துரைக்கு ஆச்சரியம். என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்டார். மருந்தில்லை, நடை என்றாராம் உன் அப்பா. அவர் பேசுவதே அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். சிங்கப்பூர் வண்டிக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது. அன்றைக்கும் வழக்கம்போல் முழுத் தீனி போடுவார்கள். திங்கட்கிழமை காலையில் வண்டியில் பூட்டி நூறு கஜம் போவதற்குள் நல்ல குதிரை ஒன்று நட்ட கட்டை மாதிரி நின்றுவிடும். உடம்பெல்லாம் வேர்வை கொட்டும். தொடை இரும்பாக இறுகிவிடும். மூத்திரம் காப்பி நிறத்தில் இறங்கும். வண்டிக்காரன் பிடிவாதம் என்று நினைத்து அடிப்பான். அடித்து நடக்க வைத்தால் சில குதிரை விழுந்து எழுந்திருக்காது. “வேல இல்லாத நாளு அரைப்படி. மழையோ வெயிலோ, காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. இது ரெண்டும் தப்புச்சுன்னா சதை கட்டிக்கும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம் புள்ள, இத மட்டும் செய்யி.” ஏழு வருஷம் அதை மட்டும்தான் அவர் என்னிடம் கேட்டார்.

அவரிடம் ஒரு குறையும் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். உன் அப்பா அடிக்க மாட்டார், ஏச மாட்டார். பேசாமல் இருப்பார். ஒரு தடவை மழையில் நனைந்த புல்லை நான் குவித்து வைத்து, அது உள்ளே சூடேறிப் புளித்துவிட்டது. அதைத் தூக்கி வெளியே கொட்டினார், அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைத் தின்பார், கையைக் கழுவுவார், லாயத்துக்குப் போவார். நாலு வீடு கேட்கிற மாதிரி என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு கொடுத்திருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். அந்த மூன்று நாள் என்னை மிகவும் பயமுறுத்திவிட்டது. உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் சொல்கிறேன். பெண்சாதி மேல் வருத்தமிருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடு. உன் முகத்தைப் பார்த்து அவள் எதை மறைக்கலாம் என்று யோசிக்கும்படி வைத்துக்கொள்ளாதே.

உனக்கு ஆறு வயசு நடந்தபோது ஒரு தைப்பொங்கல் வந்தது. மழைக்காலம் அந்த வருஷம் விடவே இல்லை. துரை சிங்கப்பூர் போயிருந்தார். கொள்ளு மூட்டையும் தவிடும் கோத்தா திங்கி டவுனில் வந்து கிடக்கிறது, போய் எடுத்து வா என்று நம் தோட்டத்துக் கிராணி உன் அப்பாவை அனுப்பினார். ஒரு நாள் வேலை. போன அன்றைக்கே ஆறு கரை புரண்டுவிட்டது. தோணி விட ஆளில்லை. நான்கு நாள் அவர் அங்கே கடைக்காரர் ஒருவரின் மேல்மாடியில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். இங்கே நானும் நீயும் செவலையும். போகும்போது அவர் சொன்னது அதே பாடம்தான், அரைப்படி, இரண்டு நடை.

முதல் நாள் நடத்தினேன். பாதையில் கணுக்கால்வரை தண்ணீர். குதிரை வழுக்கியது, நானும் வழுக்கி விழுந்தேன். அன்றோடு நடையை விட்டேன். ஆற்றோரத்துப் புல்லெல்லாம் முழுகிவிட்டது. மேட்டில் அறுத்தது ஒரு கூடைக்குக் காணாது. குதிரை வெறும் தொட்டியை முகர்ந்து முகர்ந்து என்னைப் பார்த்தது. அன்றைக்குப் பொங்கல். மறுநாள் மாட்டுப் பொங்கல். ஊரில் அன்றைக்கு மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, வயிறு முட்டத் தீனி போடாமல் யாராவது வாயில் சோறு வைப்பார்களா? இங்கே எனக்கு மாடில்லை, செவலைதான் இருந்தது. நாள் கிழமையில் வாயில்லா ஜீவனை அரைப் பட்டினி போட்டால் அந்த வருஷம் விளங்குமா, அதுவும் புருஷன் வெள்ளத்தில் மாட்டியிருக்கும்போது? இப்படித்தான் என் புத்தி போனது. முழுப்படி போட்டேன். புல்லுக்குப் பதிலாக இன்னும் அரைப்படி. நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, பொங்கல் சோற்றை வெல்லத்தோடு உருட்டி நீதான் ஊட்டினாய். நீ கைதட்டிச் சிரித்தாய். எனக்கும் அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. மூன்று நாள் அதே அளவு, நடை கிடையாது. நான்காம் நாள் பலகையை உதைக்கத் தொடங்கியது. அது என்ன சொன்னது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏழு வருஷம் பாடம் கேட்டவளுக்கு.

நான்காம் நாள் மாலை துரை வந்து சேர்ந்தார். மறுநாள் விடிந்ததும் ஆற்றங்கரை வரப்பு உடைந்துவிட்டது என்று சேதி. குதிரையைக் கொண்டுவா என்று பங்களாவிலிருந்து ஆள் மேல் ஆள். அந்த நேரத்தில்தான் உன் அப்பா வந்தார். கடைசி மூன்று மைலைச் சேற்றில் நடந்து வந்திருந்தார், இடுப்புவரை சேறு. உன்னைக்கூட அவர் பார்க்கவில்லை. சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கேட்டார்.

“கொள்ளு அரைப்படிதானே போட்ட?”

“ஆமா.”

“நடத்துனியா?”

“நடத்துனேன்.”

இவ்வளவுதான் ஐயா. இரண்டு வார்த்தை. இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் துரையிடமே போய், இன்றைக்கு இது ஏறுகிற நிலையில் இல்லை என்று நின்றிருப்பார். அப்படி நிற்கக்கூடியவர்தான் அவர். சொன்னால் மூன்று நாள் பேச மாட்டாரே என்று பயந்தேன். அந்த மூன்று நாளுக்குப் பயந்து சொன்ன பொய் எத்தனை வருஷத்தைத் தின்றது என்று நீ கணக்குப் பார்த்துக்கொள். அவர் என்னை நம்பினார். தொடையை அழுத்திப் பார்க்க நேரமில்லாமல் சேணத்தை இறுக்கினார்.

நான் கூடையோடு புல்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டோர் திருப்பத்தில் செவலை நிற்பதைப் பார்த்தேன். அரை மைல்கூட வரவில்லை. பின்னங்கால் இரண்டும் தரையில் ஊன்றி, வேர்வை வயிற்றிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. துரை மேலே இருந்தபடி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் அதன் தோல் நடுங்கியதே தவிரக் கால் அசையவில்லை. உன் அப்பா பின்னாலேயே ஓடிவந்து லகானைப் பிடித்துக்கொண்டார். “அடிக்காதீங்க தொரே, அது முடியாம நிக்குது” என்றார். அவர் துரையின் கையைத் தடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். துரை இறங்கிக் காலால் ஒரு கல்லை உதைத்துவிட்டு நடந்தே போனார். உன் அப்பா குதிரையை ஓர் அடிகூட நகர்த்தவில்லை. நடுரோட்டிலேயே நான்கு கழியை நட்டு, மேலே சாக்கைக் கட்டி, ஈரம் துடைத்து, சூடு பண்ணிய சாக்கைத் தொடையில் போட்டபடி அன்று முழுக்க நின்றார். நான் வெந்நீர் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார்.

மாலையில் லாயத்துக்கு வந்தார். எருவைக் காலால் கிளறிப் பார்த்தார், முழுசு முழுசாகக் கொள்ளு கிடந்தது. புது மூட்டை இன்னும் வந்து சேரவில்லை, பழைய மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். நான் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார். இப்போது கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனார்.

அங்கே நடந்ததை அன்றைக்கு ஆபீசில் நின்ற, ஆட்களை வேலை வாங்கும் தண்டல் பிறகு என்னிடம் சொன்னார். புல்லுக்காரிதான் தீனி போட்டிருக்கிறாள், அவளைக் கூப்பிடு என்று துரை சொன்னாராம். அதற்கு உன் அப்பா, “அளவு நாஞ் சொன்னதுதாங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, சொன்னதப் போட்டா. தப்பு எம்பேர்ல” என்றாராம். தப்பாக அளவு சொல்லும் ஆளா இவர் என்று துரைக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கோத்தா திங்கியில் நான்கு நாள் கள்ளுக்கடையிலா கிடந்தாய் என்று கேட்டார். உன் அப்பா அதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. குதிரை தேறி நடக்கும்வரை இருந்து பார்த்துவிட்டுப் போ, அதற்கு மேல் இந்தத் தோட்டத்தில் உனக்கு வேலை இல்லை, உன் பெண்சாதி வேண்டுமானால் இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று.

பன்னிரண்டு நாள் இருந்தார். செவலையைப் பத்து அடி, இருபது அடி, நூறு அடி என்று நடக்க வைத்தார். புல்லும் தவிட்டுக் கஞ்சியும் மட்டும், கொள்ளு ஒரு மணிகூட இல்லை. என்னோடு பேசினார், அதுதான் கொடுமை. உப்பு வை, தண்ணீர் காட்டு, புல் போதவில்லை என்று வழக்கம்போல். கடைசி நாள் காலையில் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு, உன் தலையில் கை வைத்துவிட்டு, வாசலில் நின்று என்னிடம் சொன்னது: “நாளைக்கு அரை மைலு நடத்து. அதுக்கு மேல வேணாம். வேல கெடச்சதும் சொல்லி அனுப்புறேன்.” போய்விட்டார். லயத்தில் மறுநாளே கதை கட்டிவிட்டார்கள், குடித்துவிட்டுக் குதிரையைக் கெடுத்தவன், குடும்பத்தை விட்டு ஓடினவன் என்று. நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கு எட்டு வயசில் குழாயடியில் எவனோ உன்னைக் குடிகாரன் மகன் என்று சொல்லி, நீ அவன் மூக்கை உடைத்து, அழுதுகொண்டு வந்து அது நிஜமா என்று என்னைக் கேட்டாய். உன் காயத்துக்கு மஞ்சள் வைத்தேன். உன் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு நீ புரிந்துகொண்டதை மறைக்கத்தான் இன்றைக்குப் பத்திரிகையில் ‘காலஞ்சென்ற’ என்று எழுதியிருக்கிறாய். அதை உன் கையில் கொடுத்தவள் நான்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எழுதத்தான் கை ஓடவில்லை. அவர் சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது, யாரையோ பிடித்து எழுதியிருந்தார். சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, லாயத்தோடு ஓர் அறையும் இருக்கிறது, பிள்ளையோடு வந்து சேர் என்று. லயத்துக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கிற நான் அதற்குப் பதில் எழுதவில்லை. அடுத்த தீபாவளிக்கு இரண்டாவது வந்தது. பிள்ளைக்கு என்ன உயரம் என்று கேட்டிருந்தார், சட்டை தைக்க. அதற்கும் எழுதவில்லை. உன்னிடம், அவர் நம்மை மறந்துவிட்டார் என்றேன். ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். என் பொய் தெரிந்த ஒருவரோடு, அதைப் பற்றி ஒரு நாளும் கேட்காத ஒருவரோடு, ஓர் அறையில் படுத்து எழுந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் தோணி பிடித்திருப்பேன். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். புதுக் குதிரைக்காரன் வந்தான், சோம்பேறி. செவலையை அவன் பொறுப்பில் விடாமல் நானே பார்த்தேன். வேலை இல்லாத நாளில் அரைப்படி. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. மழையென்றால் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நடத்தினேன். புல்லுக்காரிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள். உனக்கும் வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் குதிரையோடு வராதீங்கம்மா என்று நீ சொன்னாய், அதற்குப் பிறகு சுற்றுப் பாதையில் போனேன். அதன் தொடையில் கை வைத்து அழுத்தும்போதெல்லாம் அது மெத்தென்று உள்ளே போய் வரும். மோட்டார் வந்து, துரை அதை விற்று, தோணியில் ஏற்றும்வரை ஆறு வருஷம் செவலை ஒரு நாளும் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் இல்லை. இந்தத் தோட்டத்தில் அதன் அர்த்தம் தெரிந்த ஒரே ஆளை நான்தான் அனுப்பியிருந்தேன். அவர் போன பிறகு இந்த வீட்டில் நான் யாரோடும் பேசவில்லை, மகனே. உன்னோடு பேசினேன், உனக்குச் சோறு போட்டேன், திட்டினேன். ஆனால் பேசவில்லை.

போன ஆடியில் ரப்பர்க் கட்டு ஏற்றிப் போகும் லாரிக்காரர் வந்து சொன்னார். தெப்ராவ் ரோட்டோரம் ஒரு சீனத் தவுக்கை முதலாளியின் குதிரை லாயத்தில் நம் தோட்டத்துப் பழைய குதிரைக்காரரைப் பார்த்தாராம். தலை நரைத்துவிட்டதாம், தனி ஆளாம். நான் நம்பாத மாதிரி நின்றேன். “அவருதான் லா அக்கா. ஊத்துற மழையில குதிரையப் புடிச்சிக்கிட்டு நடக்குறாரு, வேற யாரு நடப்பா” என்றார். ஜொகூர் பாருவில் நீ வேலை செய்யும் பட்டறைக்கும் அந்த லாயத்துக்கும் நடந்துபோகிற தூரம்தான். நீ எத்தனை தடவை அவரைத் தாண்டிச் சைக்கிளில் போயிருப்பாயோ, எனக்குத் தெரியாது.

முதலில், நீயே போய் அவரைப் பார்த்து, அம்மா முழுப்படி போட்டதாகச் சொன்னாள் என்று சொல்லிவிடு என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். இவ்வளவும் எழுதிய பிறகு அது இன்னொரு கோழைத்தனம் என்று தெரிகிறது. வியாழக்கிழமை லாரியில் எனக்கு ஓர் இடம் கேட்டிருக்கிறேன். நானே போகிறேன். மாலை நடை முடிந்து வரும்வரை லாயத்து வாசலில் இருப்பேன், அதற்கு முன் அவர் யாரோடும் பேச மாட்டார். பேசாமலே போனாலும் போகட்டும், அது அவர் பாடு. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருவேன்.

சம்பந்தியாரிடம் நீ என்ன சொல்வாய் என்பது உன் பொறுப்பு. நிஜத்தைச் சொன்னால் பெண்ணைக் கொடுக்க மாட்டார்கள் என்று பயப்படுகிறாய். இருக்கலாம். முதலில் அந்தப் பெண்ணிடம் சொல், அவள்தான் உன்னோடு இருக்கப் போகிறவள். கல்யாணத்துக்கு நான் வந்தால் பொட்டோடுதான் வருவேன். இதையெல்லாம் படித்த பிறகு என்னைப் பார்க்கவே உனக்கு மனசில்லை என்றால் எழுது, வராமல் இருந்துவிடுகிறேன். தனியாக இருப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் அவர் மணவறைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நீ போய்க் கூப்பிடு. அவர் வர மாட்டேன் என்பார், தனக்கு என்ன வேலை அங்கே என்பார். மறுபடி போ. மறுபடியும் அதையே சொல்வார். அதோடு விட்டுவிடாதே ஐயா, மூன்றாம் தடவையும் போய்க் கூப்பிடு. அவர் மூன்றாவதாக ஒரு கடிதம் போட்டிருந்தால் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே போயிருப்பேன்.

அம்மா